கடனும் காவடியும்: சுங்கை சிப்புட்டில் வந்த கேள்விகள்

எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் பணத்தைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று சொல்லியிருந்தேன். பெயர் வேண்டாம், கேள்வியைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டால் போதும் என்றேன். நாலைந்து வரும் என்று பார்த்தால் டப்பா நிறைந்துவிட்டது. அன்று சொன்ன பதில்களையும், நேரமில்லாமல் விட்டுப்போனவற்றையும் இங்கே எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக: எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கிறது. நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். கடன் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 26 வருடம் வேலை செய்தேன். இப்போது கோயில் கணக்கு என் கையில் இருக்கிறது.

அக்கா, மகனுக்கு உடம்பு தேறினால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போகவேண்டும். காவடி, மேளம், பஸ், அன்னதானம் எல்லாம் சேர்த்து ஆறாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும்போல் இருக்கிறது. கையில் இரண்டாயிரம்தான். நாயன்மார்களே கடன் வாங்கித் தொண்டு செய்தார்கள், நீ வாங்கினால் என்ன என்கிறார் மாமா.

மாமா சொல்வது பொய் இல்லை. இளையான்குடி மாறனார் அடியாருக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் கரைந்து, கடனும் வாங்கினார் என்று பெரியபுராணத்தில் இருக்கிறது. ஆனால் சேக்கிழார் அதை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். தன்னையே விற்றாவது அடைக்கக்கூடிய அளவில், தகுந்த கடன்களை வாங்கினார் என்கிறார். தன்னை விற்று, தம்பி. மனைவியின் தூக்கத்தையும், ஜாமீன் போட்ட மைத்துனனின் சம்பளத்தையும், பிள்ளையின் பள்ளிக்கூடக் காசையும் விற்று அல்ல.

அந்த மழை இரவுக் கதையையும் நினைத்துப் பாருங்கள். அடியார் பசியோடு வாசலில் நிற்கிறார். வீட்டில் ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தார் இனிமேல் தரமாட்டார்கள் என்று மனைவி சொல்கிறார். அதற்குப் பிறகு மாறனார் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. இருட்டில் தன் வயலுக்குப் போய், தான் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் நடந்தது பசித்தவருக்கு ஒரு வேளைச் சோறு. மேளமும் பஸ்ஸும் அதில் இல்லை.

நீங்கள் முருகனிடம் சொன்னது என்ன? காவடி எடுக்கிறேன் என்றுதானே? அதை எடுங்கள். இரண்டாயிரத்துக்குள் தாராளமாக எடுக்கலாம். எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு பிழைத்தபோது, என் அம்மா ஒரு செம்புப் பாலைத் தலையில் வைத்து வெறுங்காலோடு நடந்தார். மஞ்சள் சேலைகூடப் பக்கத்து வீட்டில் வாங்கிக் கட்டியதுதான். அந்த வேண்டுதல் நிறைவேறவில்லை என்று இன்றுவரை நான் நினைத்ததில்லை. நேர்த்திக்கடனும் கடன்தான். ஆனால் முருகன் தவணை தருவார், வட்டி கேட்கமாட்டார். இந்த வருடம் முடியவில்லை என்றால் அடுத்த வருடம் எடுங்கள். அதற்கும் அவர் கோபிக்கமாட்டார்.

இதில் கோயில்காரர்களான எங்கள் தப்பும் உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்று மைக்கில் வாசிக்கும் பழக்கம் இங்கேயும் இருந்தது. பத்து வெள்ளி கொடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடமாக உபயக்காரர் பெயரை மட்டும் வாசிக்கிறோம், தொகையை வாசிப்பதில்லை. வசூல் கொஞ்சம் குறைந்தது உண்மை. குறையட்டும்.

என் கணவர் எனக்குத் தெரியாமல் ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம்) 2,000 வாங்கியிருக்கிறார். கையில் கொடுத்தது 1,600. வாரம் 200 வட்டி. பத்து வாரம் கட்டியாகிவிட்டது. முதல் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். ஏ.டி.எம் கார்டையும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பாரும்மா. கைக்கு வந்தது 1,600. கட்டியது 2,000. வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்தாகிவிட்டது.

நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டம் இருக்கிறது. உரிமம் உள்ளவர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. அடமானம் இருந்தால் 12. 18 விழுக்காடு என்றால் 2,000 வெள்ளிக்கு மாதம் 30 வெள்ளி வட்டி. உங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரத்துக்கே 200 கட்டியிருக்கிறார். உரிமம் இல்லாதவர் கொடுத்த கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. அதனால்தான் அவர்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை, வாசலில் பெயிண்டை ஊற்றுகிறார்கள்.

செய்யவேண்டியது இதுதான். நாளைக்கே பேங்குக்குப் போய் அந்தக் கார்டை ரத்து செய்து புதுக் கார்டு எடுங்கள். கட்டிய தேதி, தொகை, வந்த மெசேஜ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போலீசில் புகார் கொடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் கூட வருவார்கள், அது என் பொறுப்பு. இதை அடைக்க இன்னொரு ஆலோங்கிடம் மட்டும் போய்விடாதீர்கள். சங்கத்தில் இருந்த காலத்தில் ஒருவர் ஏழு பேரிடம் வாங்கிவிட்டு வந்தார். முதல் கடன் வெறும் 800 வெள்ளி.

அப்புறம், கணவரைத் திட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். வெட்கப்பட்டு மறைத்திருக்கிறார். இன்னும் வெட்கப்படுத்தினால் அடுத்ததையும் மறைப்பார்.

தாலியை அடகு வைத்தால் பாவமா? மாமியார் என்னோடு பேசுவதில்லை.

பாவம் இல்லை. குங்கிலியக் கலய நாயனார் வீட்டில் பிள்ளைகள் பசியால் வாடியபோது, நெல் வாங்கிவரச் சொல்லித் தாலியைக் கழற்றிக் கொடுத்தவர் அவர் மனைவி. அந்த அம்மாவை யாரும் குறை சொன்னதில்லை. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் பஜாக் கடை (அடகுக் கடை) கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதத்தில் மீட்கவேண்டும், முடியாவிட்டால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கவேண்டும். மாதம் 2 விழுக்காடு என்று வைத்தால், 1,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120. மேலே பார்த்த ஆலோங் வாங்கும் வட்டியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். நகை ஏலத்துக்குப் போய், உங்கள் கடனைக் கழித்து மீதி வந்தால் அந்த மீதி உங்களுடையது. கேட்டு வாங்குங்கள், பலரும் கேட்பதே இல்லை. இஸ்லாமிய முறையில் நடக்கும் அடகுக் கடையான அர்-ரஹ்னுவும் நமக்குத் திறந்ததுதான். அங்கே வட்டி கிடையாது, நகையைப் பாதுகாக்கும் கூலி மட்டும் வாங்குவார்கள். இரண்டு இடத்திலும் விசாரித்துவிட்டு வையுங்கள்.

நான் இருபது பேரை வைத்துக் கூட்டு (சீட்டு) பிடிக்கிறேன். மாதம் நூறு வெள்ளி. எல்லோரும் கோயிலுக்கு வருகிறவர்கள்தான். இது சட்டப்படி தப்பு என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். 1971லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம்முடைய ‘கூட்டு’ என்ற சொல் இருக்கிறது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்பது அது. தோட்டத்தில் நம் அம்மாமார்கள் கூட்டுக் கட்டித்தான் தையல் மெஷின் வாங்கினார்கள், எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தார்கள். அதனால் இதைச் சொல்ல எனக்கும் மனம் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் லயத்தில் எல்லோரும் ஒரே பிரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நின்றவர்கள், ஒரே நாளில் சம்பளம் வாங்கியவர்கள். ஓடிப்போக இடமில்லை. இன்றைக்கு மூன்றாவது மாதம் பணத்தை எடுத்தவர் நாலாவது மாதம் சிங்கப்பூரில் இருக்கிறார். அந்த இடத்தை நீங்கள்தான் நிரப்பவேண்டியிருக்கும். நடப்பதை முடித்துக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். புதிதாகத் தொடங்காதீர்கள். கோயிலின் பெயரைச் சொல்லி ஆள் சேர்ப்பதை நான் கட்டாயம் அனுமதிக்கமாட்டேன்.

சேர்ந்து சேமிக்க வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டு நம்மவர்கள் தெருவில் நின்ற காலத்தில், இதே ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களின் சின்னச் சின்னத் தவணைக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். என் அப்பாவும் பங்கு எடுத்தார். பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கத்தில் சேருங்கள். வருடக் கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேளுங்கள்.

மச்சானின் காருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டவில்லை. என்னைத் திவால் ஆக்கிவிடுவார்களா?

சொந்த உபயோகத்துக்கான கார், குடியிருக்கும் வீடு, படிப்புக் கடன் ஆகியவற்றுக்கு லாபம் எதிர்பாராமல் ஜாமீன் போட்டவரைத் திவால் ஆக்க முடியாது. 2017இல் சட்டத்தை அப்படித் திருத்தினார்கள். வியாபார லோரிக்கு ஜாமீன் போட்டிருந்தால் இது பொருந்தாது. இன்னொன்று, திவால் ஆக்க முடியாது என்றால் கடனைக் கேட்க முடியாது என்று அர்த்தமில்லை. வழக்குப் போடலாம். கடிதம் வந்தால் பிரிக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போய்ப் பேசுங்கள்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருகிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். 18 விழுக்காடு வட்டியில் 5,000 பாக்கி என்றால் குறைந்தபட்சம் 250, அதில் 75 வட்டிக்கே போய்விடும். ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு கிடையாது. எல்லாக் கடன்களையும் ஒன்றாக்கி, பேங்குகளோடு பேசி, உங்கள் சம்பளத்துக்கு ஏற்ற தவணை போட்டுத் தருவார்கள். அங்கே போவது மானக்கேடு என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம். மருத்துவமனைக்குப் போவது மானக்கேடா?

மகளின் சடங்கை மண்டபம் எடுத்துச் செய்யாவிட்டால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்?

ஒரு வாரம் பேசுவார்கள். மண்டபம் எடுத்தாலும் ஒரு வாரம் பேசத்தான் போகிறார்கள், பிரியாணியில் உப்பு இல்லை என்று. கோயில் மண்டபத்தை வாடகை இல்லாமல் தருகிறேன், சமையலை நம் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். வந்து என்னைப் பாருங்கள்.

ஈ.பி.எப்.பின் (ஊழியர் சேமநிதியின்) மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்துக் கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம், ஐயா. 2024 மே மாதத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆனதில், அது வயதான காலத்துச் சோறு என்பதை மறந்துவிடுகிறோம். உங்களுக்கு 52 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மன் அதைக் கேட்கவில்லை.

கும்பாபிஷேகம் 12 வருடத்துக்கு ஒருமுறை வருவது. நூறு குடும்பம் மாதம் ஐந்து வெள்ளி போட்டால் 144 மாதத்தில் 72,000 வெள்ளி. யாரும் கடன்படவேண்டாம், கோயிலும் கடன்படவேண்டாம். போனமுறை கடைசி ஆறு மாதத்தில் ஓடி ஓடி வசூலித்தோம். பலரை வருத்தினோம். இந்த மாதத்திலிருந்து ஐந்து வெள்ளிப் புத்தகத்தைத் தொடங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பணம் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று முதலாளி சம்பளத்தைச் சனிக்கிழமை தருகிறார்.

உழைத்தவர் கூலியைப் பிடித்துவைக்கிற வீட்டில் லட்சுமி ஏன் இருக்கவேண்டும்? சம்பள நாள் வெள்ளி என்றால் வெள்ளிதான்.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். ஒருவர் வீட்டுக்கு வந்து, உன் அப்பா எனக்கு 15,000 தரவேண்டும், மகன் அடைக்காவிட்டால் அவர் ஆத்மா சாந்தி அடையாது என்கிறார். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். நான் தொழிற்சாலையில் 1,700 வெள்ளிக்கு வேலை செய்கிறேன்.

தம்பி, உன் சீட்டைத்தான் பலமுறை படித்தேன்.

இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து அடைக்கப்படவேண்டியது. நீ ஜாமீன் போடாதவரை உன் சம்பளத்தை அது தொடாது. அப்பா ஈ.பி.எப்.பில் அம்மாவின் பெயரைக் குறித்திருந்தால் அந்தப் பணம் அம்மாவுக்கு. கடன்காரர் அதில் கைவைக்க முடியாது. அந்த ஆளிடம் எழுத்தில் என்ன இருக்கிறது, எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தார் என்று கேள். வாய்வார்த்தைக்கு ஒரு காசு கொடுக்காதே, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

ஆத்மா பற்றி அவர் சொன்னதற்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அம்மா அழுவது அதற்காகத்தான். பிதிர்க்கடன் என்பது நீ அப்பாவுக்குச் செய்யும் கடமை. எள்ளும் தண்ணீரும் இறைத்து நினைப்பது, அம்மாவைப் பார்த்துக்கொள்வது. அது உனக்கும் அப்பாவுக்கும் இடையில் உள்ளது. அதில் வசூலுக்கு வர யாருக்கும் உரிமை இல்லை. பின்னால் அந்தக் கடன் உண்மைதான் என்று தெரிந்து, உனக்கு வசதியும் வந்து, நீயாக மனம் வைத்து ஏதாவது கொடுத்தால் அது உன் பெருந்தன்மை. அது இன்றைக்குச் செய்யவேண்டியது இல்லை.

அப்பாவின் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு எடுத்து வா. அம்மாவையும் கூட்டி வா, பசியாற இங்கேயே சாப்பிடலாம். அந்த ஆள் மறுபடி வந்தால் எனக்கு ஒரு போன் போடு. நானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.