கிற்றாரில் கோட்ஸ் வருகிறது, தாளம் நிற்கவில்லை. தாளம் பிறவியிலேயே வரவேண்டிய ஒன்றா?

நான்கு மாதமாகப் பழகுகிறேன், கோட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மாற்ற வருகிறது, பாட்டோடு சேர்ந்து வாசித்தால் பிசகுகிறது, இது பிறவியில் வரவேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். எனக்கும் அதையே சொன்னார்கள். கொழும்பில் ஒரு வகுப்பு, மூன்றாம் மாதம், மற்றப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது: “தம்பி, உமக்குத் தாளம் ரத்தத்தில இல்லை, வேற ஏதும் பழகும்.” அதோடு போவதை விட்டேன். கிற்றார் ஒன்றரை வருடம் அலுமாரிக்கு மேலே கிடந்தது.

சிலருக்குக் கை இயல்பாகவே போகும், பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் நான்கு மாதத்தில் கோட்ஸ் மாற்றப் பழகிய ஒருவருக்குத் தாளம் வராது என்று முடிவுகட்ட எவருக்கும் உரிமை இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பிசகு உங்கள் வலது கையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். நாங்கள் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருந்தோம். லிஃப்ட் இல்லை, ஃபேன் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல் கிற்றாரை இறக்கினேன். சீராகத் தட்டித் தாளம் காட்டும் மெற்றோனோம் போனில்தான் இருந்தது, ஆகவே அதுவும் இல்லை. அம்மா கதிரையில் இருந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் வாய்ப்பாட்டுப் படித்தவர். நான் சி கோட்டிலிருந்து எஃப் கோட்டுக்கு மாறி மாறி அடிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு விசிறியை மடியில் வைத்துவிட்டுத் தொடையில் ஆதி தாளம் போடத் தொடங்கினார். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டும் வீச்சும் இரண்டு தரம். மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். எஃப் வரும்போதெல்லாம் என் வலது கை அந்தரத்தில் நின்றது. இடது கை விரல்கள் இடம் தேடி முடியும்வரை அது காத்திருந்தது. அம்மாவின் கை காத்திருக்கவில்லை.

“அந்த இடம் பிழைச்சால் பிழைக்கட்டும். நீ கையை நிப்பாட்டாதை” என்றார்.

வகுப்பில் மூன்று மாதம் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சங்கீதம் படித்தவர்கள் கோபிக்க வேண்டாம், ஆதி தாளமும், நாலு நாலாக எண்ணும் மேற்கத்திய நாலுக்கு நாலும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. எட்டு எண்ணிக்கை நாலும் நாலுமாகப் பிரிந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். இடது கையால் தந்திகளை மெதுவாகத் தொட்டு அடைத்துவிடுங்கள், கோட் ஒன்றும் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணில் கை கீழே, இரண்டு எண்ணுக்கு நடுவில் கை மேலே. எல்லாரும் முதலில் பழகும் அந்த அடி இருக்கிறதல்லவா, கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்? அதில் மூன்றாம் எண்ணில் சத்தமே இல்லை. அங்கேதான் கை நின்றுபோகும். சத்தம் இல்லாவிட்டாலும் கை கீழே இறங்கவேண்டும், தந்தியில் படாமல் காற்றில் இறங்கவேண்டும். அப்போதுதான் அடுத்த மேல் அடி தன் இடத்தில் விழும். இது கையில் ஏறிய பிறகு கோட்ஸைச் சேருங்கள். மெற்றோனோமை 60இல் வையுங்கள், செக்கனுக்கு ஒன்று. வேகமாக வாசித்தால் பிசகு மறைந்துவிடும், 60இல் மறையாது. போனில் பதிவுசெய்து அடுத்த நாள் கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத பிசகெல்லாம் அப்போது கேட்கும்.

இன்னொன்று. கொழும்பில் இருந்துகொண்டு ஆறெட்டு நடையைப் பழகாமல் விடாதீர்கள். ஆறு எண்ணுங்கள், ஒன்றிலும் நாலிலும் அழுத்துங்கள், பைலா வந்துவிடும். போர்த்துக்கேயரோடும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களோடும் இந்தத் தீவுக்கு வந்த இசை அது. நம் ஆட்கள் கலியாண வீட்டில் வியர்க்க வியர்க்க அதற்கு ஆடுவார்கள், அடுத்த நாள் வீட்டுப் பிள்ளை அதையே வாசித்தால் “குடிகாரப் பாட்டு” என்பார்கள். என் சொந்தத்திலேயே ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னார். 1970களில் தமிழில் பொப்பிசை பாடிய ஏ. ஈ. மனோகரன் பைலாவையும் பாடினார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மரியாதைக்காக அன்று பேசாமல் இருந்தேன், இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

எந்தப் பாட்டில் பிசகுகிறது என்று எழுதுங்கள். கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பாட்டுக்குக் கைதட்டி, அது நாலில் போகிறதா ஆறில் போகிறதா என்று முதலில் பாருங்கள். அதையும் சேர்த்து எழுதினால் எந்த அடி பொருந்தும் என்று சொல்கிறேன்.