கேள்வி – பதில்: ஊருக்கு ஊர் வேறாகும் ஆர்கன்

கேள்வி: ஆம்ஸ்டர்டாமில் படிக்கும் என் மகள், அருகிலுள்ள ஹார்லெம் நகரின் புனித பாவோ ஆலயத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்கன் கலைஞர் ஒருவர் நடத்திய பயிற்சி வகுப்பையும் மறுநாள் அவருடைய கச்சேரியையும் கேட்டிருக்கிறாள். ஒரு மணி நேரக் கச்சேரிக்காக அவர் மூன்று நாள் முன்பே வந்து, இரவில் ஆலயம் பூட்டிய பிறகும் பழகினாராம். தேர்ந்த கலைஞருக்கு இது எதற்கு? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வீணைக் கலைஞர் தம் வீணையோடு வருவார். பியானோக் கலைஞருக்கோ, எந்த ஊருக்குப் போனாலும் 88 கட்டைகளும் அதே வரிசையில் காத்திருக்கும். ஆர்கனோ ஆலயத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட, குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் பெருங்கருவி. ஆகவே அதன் கலைஞர் கையோடு கொண்டுவருவது இசைத்தாள்களையும், பெடல் கட்டைகளைப் பாதம் உணரும்படி மெல்லிய அடி வைத்துத் தைத்த ஒரு ஜோடிக் காலணியையும் மட்டுமே.

ஹார்லெம் ஆர்கனைக் கிறிஸ்டியான் முல்லர் 1735 முதல் 1738 வரை கட்டினார். மூன்று கைப்பலகைகள், கால்களுக்கு ஒரு பெடல் பலகை, அறுபதுக்கும் மேற்பட்ட ஸ்டாப்புகள், ஏறத்தாழ 5,000 குழாய்கள் என்று அது ஒரு கட்டடம்போல மேற்குச் சுவரை நிறைத்து நிற்கிறது. 1766இல் பத்து வயது மோட்சார்ட் வாசித்த ஆர்கனும் இதுதான். ஸ்டாப் என்பது ஒரே குரலுடைய குழாய்களின் வரிசையைத் திறந்துவிடும் இழுகுமிழ். 'ட்ரம்பெட்' என்று பெயர் பொறித்த குமிழ் பாரிஸிலும் இருக்கும், ஹாம்பர்க்கிலும் இருக்கும். ஆனால் இழுத்தால் கேட்கும் குரல் ஒன்றாக இராது. ஆகவே, எந்த வரிக்கு எந்த ஸ்டாப்புகள் என்பதைக் கலைஞர் ஒவ்வோர் ஊரிலும் புதிதாகத் தேர்ந்தாக வேண்டும்.

அதையும் இருக்கையில் அமர்ந்தபடி முடிவு செய்துவிட முடியாது. முதுகுக்குப் பின்னால் மாடத்தின் விளிம்பில் தொங்கும் சிறிய குழாய்த் தொகுதி அவர் காதில் உரக்க ஒலிக்கும். பெரிய குழாய்களின் ஓசையோ தலைக்கு மேலே கடந்து கூடத்துக்குப் போய்விடும். எனவே வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, தாம் கீழே இறங்கிக் கூடத்தின் நடுவிலும் கடைசியிலும் நின்று கேட்டு, மீண்டும் படியேறி மாற்றுவார். போதாக்குறைக்கு, காலி ஆலயத்தில் நீளும் எதிரொலி கச்சேரியன்று ஆட்கள் நிறைந்ததும் குறைந்துவிடும் என்பதையும் அவர் முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், மூன்று நாள் குறைவு.

கேள்வி: அந்த வகுப்பில் ஒரு மாணவர் முக்கால் மணி நேரம் முதல் பக்கத்தையே வாசித்தாராம், ஆசிரியரோ 'விரலை எடு' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். இதில் என்ன பாடம்? – அதே வாசகி

பதில்: அந்த ஒரு சொல்லில்தான் பாடம் முழுவதும் இருக்கிறது. குழாய் ஆர்கனில் கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒலியின் அளவு ஒன்றுதான். குழாய்க்குப் போகும் காற்றின் அழுத்தம் மாறுவதில்லை. கால் ஆர்மோனியத்தை மிதித்துப் பழகியவர்கள் இதை ஏற்கத் தயங்கலாம். அங்கே மிதியின் வேகத்தில் ஓசையைக் கூட்டலாம், குறைக்கலாம். இங்கோ துருத்தியின் மேல் உள்ள பாரம் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும். விரலால் அழுத்தம் கொடுக்க வழியில்லாதபோது, தாளத்தின் வலுவான அடியை எப்படிக் காட்டுவது? அதற்கு முந்தைய சுரத்தை இம்மியளவு முன்னதாக விட்டுவிட வேண்டும். அந்தச் சிறு மௌனத்துக்குப் பின் வரும் சுரம் காதுக்குக் கனமாகப் படும்.

அந்த இடைவெளி எவ்வளவு என்பதை விரல் தீர்மானிப்பதில்லை, கட்டடம் தீர்மானிக்கிறது. ஓசை சில நொடிகள் தங்கும் கல் ஆலயத்தில் இடைவெளி குறைந்தால் வரிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்; கூடினால் இசைக்கு விக்கல் பிடித்ததுபோல் இருக்கும். வீட்டில் மின் ஆர்கனில் பழகிய மாணவருக்கு இது புரிவதற்கு, ஆசிரியர் கூடத்தில் நின்று அங்கிருந்து கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹார்லெமில் 1955இல் கோடைக்கால ஆர்கன் பயிலகம் தொடங்கியதற்கு அந்த ஆர்கனும் அந்தக் கட்டடமும் முக்கியக் காரணங்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கலைஞரின் இருபுறமும் இருவர் நின்று குமிழ்களை இழுப்பது ஏன்? – வாசகர், மதுரை

பதில்: இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வாசிப்பில் இருக்கும்போது குமிழ்களை இழுக்க உறுப்பு மிச்சமில்லை. பிற்கால ஆர்கன்கள் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் குமிழ்கள் தாமே மாறும்.

கேள்வி: கச்சேரியன்று காலையிலும் சுருதி சேர்க்கிறார்களே, நேற்றுச் சேர்த்தது அதற்குள் கலைந்துவிடுமா? – வாசகர், திருச்சி

பதில்: வானிலை மாறினால் கலையும். காற்று சூடேறினால் அதில் ஒலியின் வேகம் கூடுவதால், சாதாரணக் குழாய்களின் சுருதி 1 டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். அரை சுரம் 100 சென்ட். உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ட்ரம்பெட் போன்ற குழாய்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆயிரக்கணக்கான குழாய்களை ஒரு காலைப் பொழுதில் திருத்த இயலாது என்பதால், எண்ணிக்கையில் குறைந்த நாக்குக் குழாய்களை மற்றவற்றோடு இணங்கச் செய்கிறார்கள்.

கேள்வி: வெளியூர்க் கலைஞரைத் தேடிப்போய்க் கற்கும் வழக்கம் பழையதா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 1705இல் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக், இருபது வயதில், தாம் ஆலய ஆர்கன் கலைஞராக இருந்த ஆர்ன்ஷ்டட்டிலிருந்து நான்கு வார விடுப்பில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து, புகழ்பெற்ற ஆர்கன் கலைஞர் பக்ஸ்டஹூடாவைக் கேட்க லூபெக் சென்றார், சில மாதங்கள் கழித்தே திரும்பினார். சபைப் பெரியவர்கள் விடுப்பு மீறலுக்காக மட்டும் கண்டிக்கவில்லை. பாடல்களுக்கு வாசிக்கையில் புதுமையான சுரங்களைச் சேர்த்துச் சபையாரைக் குழப்புகிறார் என்றும் குறைகூறினார்கள்.

அதே பாக்கின் நினைவுச் சின்னத்துக்கு நிதி திரட்ட, 1840 ஆகஸ்ட் 6இல் லைப்ஸிக் புனித தோமா ஆலயத்தில் இசையமைப்பாளர் மெண்டல்சோன் தனி ஆர்கன் கச்சேரி செய்தார். அதற்கு முன் எட்டு நாள் இடைவிடாமல் பழகியதில் நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை என்றும், தெருவில் நடக்கும்போதும் கால்கள் பெடல் வரிகளையே மிதித்தன என்றும் தம் தாயாருக்கு எழுதினார்.