சொத்தா, முன்பணமா? – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் வட கரோலினாவில் இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அப்பா போனபிறகு அம்மா வருடத்தில் ஐந்தாறு மாதம் எங்களோடு வந்து இருக்கிறார். இந்தக் கோடையில் ஐந்து பேருமாக ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போயிருந்தோம். முழங்கால் வலியோடும் அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அங்கே டிஸ்னி வெக்கேஷன் கிளப் மேசையில் பேச்சுக் கொடுத்தார்கள் (விடுமுறை விடுதியின் ஒரு பங்கைப் பல வருடத்துக்கு விற்கும் டிஸ்னியின் டைம்ஷேர் திட்டம் அது), மறுநாள் மாதிரி அறைகளைச் சுற்றிக் காட்டினார்கள்.

ரிவியரா ரிசார்ட்டில் 150 பாயிண்ட், பாயிண்டுக்கு 220 டாலர், ஆக 33,000 டாலர். வருடாவருடம் கைக்கு வரும் அந்தப் பாயிண்டைக் கொடுத்து அறை எடுத்துக்கொள்ளலாம். பத்து சதவீதம் கட்டினால் மீதிக்குப் பத்து வருடத் தவணை. ஹோட்டல் வாடகை ஏறிக்கொண்டே போகும், பாயிண்ட் கணக்கு ஏறாது என்றார் விற்பனையாளர். 2070 வரை செல்லும் என்பதால் பிள்ளைகளுக்கும் ஒரு சொத்தாக இருக்கும் என்று நினைக்கிறோம். வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மனைவி 200 பாயிண்டாகவே வாங்கலாம் என்கிறார். எனக்கு ரீசேலில், அதாவது ஏற்கெனவே வாங்கிய ஒருவரிடமிருந்து, வாங்கலாமா என்று ஒரு சந்தேகம். கிரீன் கார்டுக்கு இன்னும் வரிசையில்தான் நிற்கிறோம். 150-ஆ, 200-ஆ? நேரடியாகவா, ரீசேலா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘சொத்து’ என்ற சொல். டைம்ஷேர் வாங்கும் நம்மவர்கள் பேச்சில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கொஞ்ச நாளாகவே கவனித்துவருகிறேன். நிலத்துக்கும் வீட்டுக்கும் நகைக்கும் நம் பெற்றோர் சொன்ன சொல் அது. அதை ஒரு விடுமுறை அறைக்குச் சூட்டிய கணத்தில், காய்கறிக்கும் கணக்குப் பார்க்கும் மனிதர்கள் கணக்குப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

பத்திரம் பதிவாகிறதே என்பீர்கள். ஆமாம், ஃபுளோரிடாவின் ஆரஞ்ச் கவுன்டியில் உங்கள் பெயரில் பத்திரம் பதிவாகும். சொத்து வரியில் உங்கள் பங்கும் வரும். ஆனால் அந்தப் பத்திரத்தை ஒருமுறை வரி விடாமல் படியுங்கள். இன்ன யூனிட்டில் இத்தனை சதவீதம் என்று தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் போட்டு ஒரு சின்னப் பங்கு எழுதியிருக்கும். அதற்குக் கீழே குத்தகை முடியும் தேதி இருக்கும். ரிவியராவுக்கு அது 2070 ஜனவரி 31. அன்றோடு எல்லாம் டிஸ்னிக்குத் திரும்பிவிடும். நஷ்டஈடு கிடையாது, மதிப்பீடு கிடையாது. 1991இல் திறந்த முதல் ரிசார்ட்டான ஓல்ட் கீ வெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கியவர்களில் 2057 வரை நீட்டிப்புக்குத் தனியாகப் பணம் கட்டியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு 2042 ஜனவரி 31தான் கடைசி நாள். போர்ட்வாக், பீச் கிளப் வில்லாக்களுக்கும் அதே தேதி. அந்தத் தேதி நெருங்க நெருங்கப் பத்திரத்தின் விலை பூஜ்யத்தை நோக்கித்தான் போக முடியும். நீங்கள் வாங்கப்போவது பல வருட அறை வாடகைக்கான முன்பணம், அவ்வளவுதான். முன்பணம் கொடுப்பது தப்பில்லை. அதைச் சொத்து என்று நினைத்துக் கொடுப்பதுதான் தப்பு.

பிள்ளைகளுக்கு விட்டுப்போவதைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் கைக்குப் போவது பாயிண்ட் மட்டுமல்ல, ஒவ்வொரு ஜனவரியும் வரும் பில்லும்தான். ரிசார்ட்டைப் பராமரிப்பதற்கான ஆண்டுக் கட்டணம் இப்போது பெரும்பாலான ரிசார்ட்டுகளில் பாயிண்டுக்கு எட்டு டாலரிலிருந்து பத்து டாலர் வரை ஓடுகிறது. எட்டரை என்று வைத்தால் 150 பாயிண்டுக்கு 1,275 டாலர். வருடத்துக்கு நாலு சதவீதம் ஏறினால் பதினெட்டு வருடத்தில் இரட்டிப்பாகி 2,550ஐத் தாண்டும். அப்போது உங்கள் மூத்த பிள்ளைக்கு 27 வயது. போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் இது. கட்டாமல் விட்டால் முதலில் முன்பதிவு முடங்கும், பிறகு அந்தப் பாக்கிக்காகப் பத்திரத்தின் மேல் பிடிமானம் (லியன்) விழும், கடைசியில் ஏலமும் கிரெடிட் ரிப்போர்ட்டில் கறையும். ‘பாயிண்ட் கணக்கு ஏறாது’ என்று விற்பனையாளர் சொன்னது பொய்யல்ல. ஒரு ரிசார்ட்டின் ஒரு வருட மொத்தப் பாயிண்டை அவர்களால் கூட்ட முடியாது, ஒரு பருவத்தில் ஏற்றினால் இன்னொன்றில் இறக்கியாக வேண்டும். அவர் சொல்லாமல் விட்டது, அந்தப் பாயிண்டைச் சுமக்கும் செலவு ஏறும் என்பதை.

சொத்து என்றால் விற்க முடிய வேண்டுமல்லவா? இங்கே ரிவியராவுக்கென்று தனியாக ஒரு முள் இருக்கிறது. 2019 ஜனவரி 19 முதல் ஒரு விதி வந்தது. அதற்குப் பிறகு, ரிவியராவுக்கு முன் வந்த பழைய பதினான்கு ரிசார்ட்டுகளில் ஒன்றை ரீசேலில் வாங்குபவர் அந்தப் பதினான்குக்குள் எங்கும் தங்கலாம், ஆனால் ரிவியரா போன்ற புதியவற்றில் தங்க முடியாது. ரிவியராவை ரீசேலில் வாங்குபவருக்கோ ரிவியரா மட்டும்தான். அதாவது நீங்கள் 220 டாலருக்கு வாங்கும் பாயிண்ட் எல்லா இடத்துக்கும் செல்லும், அதையே நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குகிறவருக்கு ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் செல்லும். கையெழுத்துப் போட்ட மறுநாளே அதன் விலை பாதியை ஒட்டி இறங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான். மற்ற பல டைம்ஷேர்களை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை, டிஸ்னிக்கு ரீசேல் சந்தை இருக்கிறது என்பது உண்மை. விற்பவரும் வாங்குபவரும் பேசிய விலைக்கே தானே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமையை டிஸ்னி கையில் வைத்திருக்கிறது, அதனால் விலை அடிமட்டத்துக்குப் போகாமல் நிற்கிறது. நிற்கிறது என்பதற்காக அது ஏறும் என்று எண்ணிவிடக் கூடாது.

தவணையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 33,000இல் பத்து சதவீதம் போக 29,700 டாலர் கடன். இந்தக் கடன்களுக்கு வட்டி இரட்டை இலக்கத்தில் இருக்கும். 12 சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். மாதம் 426 டாலர், பத்து வருடத்தில் 51,000 டாலருக்கு மேல். அதற்கு மேல் மாதம் நூறு டாலருக்குக் குறையாமல் ஆண்டுக் கட்டணம். வீட்டுக் கடனுக்குக் கால் சதவீத வட்டி குறைக்க நாலு வங்கி ஏறி இறங்குகிறவர்கள் நாம். விடுமுறைக்கு 12 சதவீதத்தில் கடன் வாங்குவதை உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். ரொக்கமாகக் கொடுக்க முடியாவிட்டால் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கிரீன் கார்டு வரிசையைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பெரியதாகத் தெரிகிறது. நாளைக்கு ஊர் திரும்ப நேர்ந்தால் ஒப்பந்தம் உங்களோடு முடியாது, பில் வந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து விற்றால், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் விற்கும் அசையாச் சொத்து என்று விற்ற விலையில் 15 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துவைப்பார்கள். லாபத்தில் அல்ல, விலையில். நீங்கள் நஷ்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். பெரும்பாலும் அடுத்த வருடம் வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டியிருக்கும். எனவே திரும்புவது உறுதியானால் விமானம் ஏறுவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே விற்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

150 பாயிண்ட் நேரடியாக வாங்கினால்தான் கிடைக்கும் என்று விற்பவர்கள் சொல்லும் தள்ளுபடிகளையும் சலுகைகளையும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பூங்கா டிக்கெட்டும் சாப்பாடும் பாயிண்டில் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பாயிண்ட் அறைக்கு மட்டும்தான்.

இதெல்லாம் மோசடி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வருடமோ ஒன்றுவிட்டு ஒரு வருடமோ நிச்சயம் போகிற, ரொக்கம் வைத்திருக்கிற, பதினோரு மாதம் முன்னால் தேதி குறிக்க முடிகிற குடும்பத்துக்கு இது நல்ல ஏற்பாடு. அந்தப் பதினோரு மாதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நீங்கள் பத்திரம் வாங்கிய சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்னால், மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம் முன்னால்தான் முன்பதிவு திறக்கும். அடுத்த ஜூலை 6ஆம் தேதி அறை வேண்டுமென்றால் இந்த ஆகஸ்ட் 6 காலை 8 மணிக்கு, கிழக்கு நேரப்படி, கணினி முன்னால் உட்கார வேண்டும்.

‘யூஸ் இயர்’ என்று ஒரு மாதத்தைத் தேர்வு செய்யச் சொல்வார்கள். உங்கள் பாயிண்ட் ஆண்டு தொடங்கும் மாதம் அது. ஏதோ ஒன்று என்று பலர் தலையாட்டிவிடுகிறார்கள். பயன்படுத்தாத பாயிண்டை அடுத்த ஆண்டுக்கு மாற்றுவதைப் பேங்க் செய்வது என்கிறார்கள், அதை ஆண்டின் முதல் எட்டு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். நீங்கள் அக்டோபரைத் தேர்ந்தெடுத்தால் கெடு மே 31. ஜூலைப் பயணத்தை ஜூனில் ரத்து செய்ய நேர்ந்தால் கெடு தாண்டியிருக்கும், செப்டம்பர் 30க்குள் போகாவிட்டால் 150 பாயிண்டும் காலாவதி. பயணத்துக்கு 30 நாளுக்குள் ரத்து செய்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பாயிண்டுகளை வைத்து, முன்பதிவு செய்யும் நாளிலிருந்து 60 நாளுக்குள் தொடங்கும் பயணங்களுக்கு மட்டுமே அறை எடுக்க முடியும், பள்ளி திறந்தபிறகு அதை வைத்து என்ன செய்வது? அதுவே ஜூன் யூஸ் இயர் என்றால் பாயிண்ட் ஜூன் 1இல் வரும், பேங்க் செய்யும் கெடு அடுத்த ஜனவரி 31. பயணத்துக்கு முப்பது நாளுக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால், ஜூலையில் போகாத பயணத்தின் பாயிண்ட் பத்திரமாக இருக்கும். கோடையில் மட்டும் போகிறவர்கள் ஜூனைத்தான் கேட்க வேண்டும். ஒருமுறை பேங்க் செய்த பாயிண்டை மறுபடி பேங்க் செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றாலும் பதறாதீர்கள். ஃபுளோரிடா சட்டப்படி, கையெழுத்திட்ட நாள் அல்லது கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இதில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக உங்களிடம் எழுதி வாங்கினாலும் செல்லாது. ரத்து எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தேதிதான் கணக்கு, அதனால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்லி ‘சரி’ என்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது.

இப்போது உங்கள் கேள்வி. 150-உம் வேண்டாம், 200-உம் வேண்டாம், இந்த வருடம் எதுவும் வேண்டாம். உறுப்பினர்கள் தங்கள் பாயிண்டை வாடகைக்கு விடுகிறார்கள், பாயிண்டுக்கு இருபது டாலரைச் சுற்றி. ஒருமுறை அப்படிப் போய்ப் பாருங்கள். பணம் முன்னாலேயே போய்விடும், ரத்து செய்தால் பெரும்பாலும் திரும்பாது. அதனால் முன்பதிவு எண் டிஸ்னி செயலியில் உங்கள் பெயரில் வருகிறதா என்று பார்த்தபிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். கிரீன் கார்டு வந்து, ரொக்கமும் சேர்ந்தபிறகு இரண்டு மூன்று வருடம் கழித்தும் இதே ஆசை இருந்தால், பழைய பதினான்கில் ஒன்றை ரீசேலில் வாங்குங்கள்.

வாடகைப் பாயிண்டில் போகும் அந்த ஒரு பயணத்தை அம்மாவை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். ஐந்து பேரை ஸ்டூடியோ என்கிற ஒற்றை அறையில் அடைக்காதீர்கள். அதில் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும்தான், ரசம் வைக்க அடுப்பு கிடையாது. ஒரு படுக்கையறை வில்லா என்றால் முழுச் சமையலறையும் துவைக்கும் இயந்திரமும் இருக்கும். பாயிண்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும், ஏழு இரவுக்குப் பதில் நாலு இரவு தங்குங்கள். அறை பெரியது, பாயிண்ட் குறைவு என்று ஓல்ட் கீ வெஸ்ட்டை யாராவது சொல்வார்கள். அங்கே 62, 63, 64ஆம் கட்டடங்களில் மட்டும்தான் லிஃப்ட், மற்றதெல்லாம் படிக்கட்டு. அனிமல் கிங்டம் கிடானி ரிசார்ட்டில் இரண்டு குளியலறை உண்டு, ஆனால் லிஃப்டிலிருந்து அறைக்கு நடக்கும் வராந்தா மிக நீளம். பே லேக் டவர் ரிசார்ட்டைப் பாருங்கள். ஒரே கோபுரம், லிஃப்ட் உண்டு, ஒரு படுக்கையறை வில்லாவிலேயே இரண்டு குளியலறை, ஐந்து பேர் தங்கலாம், மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். அம்மாவுக்குக் கால் வலித்தால் மதியம் அறைக்கு வந்து படுத்துவிட்டு, சாயங்காலம் பிள்ளைகளோடு மறுபடி போகலாம்.