ஒரே வீடு, ஒரே இரவு, உங்களுக்கு மட்டும் ஏன்?
சகோதரி, 2021 மே மாதம் கொரோனா அலையில் அப்பாவுக்கு ஆக்சிஜன் படுக்கை தேடி அலைந்த பிறகு, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே இன்றும் நெஞ்சு படபடக்கிறது, கூடவே இருந்த அண்ணன் சாதாரணமாக இருக்கிறார், நான்தான் கோழையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. அண்ணன் வண்டி ஓட்டினார், போன் மேல் போன் போட்டு "இடமில்லை" என்ற பதிலை ஒவ்வொரு முறையும் காதில் வாங்கியது நீங்கள். முன்பே பதற்றம் இருந்ததா, வருமானம் நின்றதா, மனம்விட்டுப் பேச ஆள் இருந்ததா, இதெல்லாம் சேர்ந்துதான் பாதிப்பு ஆளுக்கு ஆள் மாறுகிறது. கொரோனாவின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடின, பெண்களும் இளையவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2022-இல் சொன்னது. அப்புறம், தூக்கமும் கெடுகிறது என்கிறீர்களே, அதைத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.