ரோம் வருகிறவர்கள் ஒரு நாளைப் பழைய ரோமானிய ஊர் ஒன்றுக்கு ஒதுக்குவது வீணா?

‘அவ்வளவு தூரம் போய் வெறும் கற்களைப் பார்க்கவா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். பெற்றோருடன் நான்கு நாள் பயணமாக வருகிறீர்கள், பட்டியலில் ஒரு நாளை விட்டுக்கொடுக்க மனமில்லை என்று எண்ணுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் நிலையும் அதுதான்.

நான் ரோமில் வேலை செய்கிறேன். என்னைப் பார்க்க வந்த அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். கொலோசியம் நெரிசலில் அரை மணி நேரத்தில் சோர்ந்துவிட்டார். இரவு சாப்பிடும்போது, “மாசிடோனிய அரசன் பெர்சியுஸைச் சிறைவைத்த ஊர் இங்கே பக்கம்தானே?” என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாக இங்கே இருக்கும் எனக்கு அந்த ஊரின் பெயர்கூடத் தெரியாது.

அது ஆல்பா ஃபூச்சென்ஸ். இத்தாலியின் அப்ருட்சோ மலைப்பகுதியில், வெலினோ மலையடிவாரத்தில் இருக்கிறது. கி.மு. 303இல் 6,000 பேரைக் குடியேற்றி ரோம் அமைத்த ஊர். ஏக்குவி என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் நடப்பட்ட காவல் முளை என்றே சொல்லலாம். சாந்து பூசாமல் பெரும் பாறைகளைப் பொருத்திக் கட்டிய மதில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஓடுகிறது. ரோமுக்கு என்றும் தலையாட்டிய ஊர் என்று நினைக்க வேண்டாம். கார்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமை எதிர்த்துப் போரிட்டபடி இத்தாலியில் இருந்த கி.மு. 209இல், இனி ஆளும் தர முடியாது, பணமும் தர முடியாது என்று சொன்ன 12 குடியேற்றங்களில் இதுவும் ஒன்று.

பிட்னா போரில் கி.மு. 168இல் ரோமிடம் தோற்ற பெர்சியுஸ் இங்கேதான் கைதியாக இறந்தான். அவன் மகன் அலெக்சாண்டர் உலோகத்தில் நுண்வேலை பழகி, லத்தீன் கற்று, ரோமானிய அதிகாரிகளுக்கு எழுத்தரானான் என்று பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அரசகுமாரன் எழுத்தரான கதையை அப்பா அந்த வெயிலில் நின்றபடி எனக்குச் சொன்னார். வகுப்பில் ஒருமுறைகூட அதை முழுதாகச் சொல்லி முடித்ததில்லையாம். தேர்வு நெருங்கினால் வரலாற்றுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். முப்பது ஆண்டுகள் அப்படியே நடந்தது. கேட்டால், “வரலாற்றை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம் சார்” என்பார்கள். கேள்விக்கு இது தொடர்பில்லாதது என்று தெரியும், ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அரைவட்டமாக அல்ல, முழு நீள்வட்டமாக அமைந்த அரங்கம் ஒன்று இருக்கிறது. ரோமப் பேரரசர் திபேரியுஸின் காவற்படைத் தலைவன் மாக்ரோ தன் சொத்திலிருந்து ஊருக்கு விட்டுச்சென்றது. அதற்கு மேலே, பழைய கோயில் ஒன்றின் மீது எழுந்த புனித பேதுரு தேவாலயம். உள்ளே நிற்கும் தூண்கள் ரோமானியர் காலத்தவை.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது எதிர்க்குன்று. அங்கேதான் இடைக்காலத்திலிருந்து ஆல்பே கிராமம் இருந்தது. 1915 ஜனவரி 13 காலை வந்த நிலநடுக்கம் அதைத் தரைமட்டமாக்கியது. அந்தப் பகுதி முழுவதும் சுமார் 30,000 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் கீழே புதிய ஊர் கட்டிக்கொண்டார்கள். தேவாலயத்தை 1950களில் மீட்டெடுத்தார்கள். குன்றின் மேல் வீடுகள் மீளவில்லை. புல் மண்டிய சுவர் ஒன்றின் மேல் அப்பா உட்காரப் போனபோது, அவ்வழியே வந்த மூதாட்டி நிறுத்தினார். “அது என் பாட்டி வீட்டு அடுப்படி,” என்றார். நான் மொழிபெயர்த்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மாவும் புரிந்துகொண்டு தலையசைத்தார்.

கொலோசியத்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாகக் கருத்துப் பெட்டியில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் தொல்லியல் படித்தவனும் அல்ல. முட்டிவலி உள்ள பெற்றோரென்றால் அரங்கத்தையும் தேவாலயக் குன்றையும் மட்டும் பாருங்கள், எதிர்க்குன்று ஏற்றம் கடினம்.

ரோமின் திபுர்தினா நிலையத்திலிருந்து பக்கத்து நகரமான அவெட்சானோவுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து டாக்சி. திரும்பி வருவதற்கும் அதே ஓட்டுநரிடம் நேரம் பேசிவிடுங்கள். நாங்கள் பேசாமல் போய், மாலையில் வெகுநேரம் சாலையோரம் காத்திருந்தோம்.