சின்னப் பிள்ளைக்குப் பிரஷர் வருமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, எடை 56 கிலோ. காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் பிரஷர் கூடுதல், உடம்பைக் குறைக்க வேண்டும் என்றார் டொக்டர். மாமியோ, "சாப்பிடுற பிள்ளையில கண் வைக்காதீங்க, இந்த வயசுல ஏது பிரஷர்?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு தாய், ஹட்டன்

பதில்: டொக்டர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், சகோதரி. உடம்பில் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கும், இரத்தக் குழாய்களும் இறுகும், அதனால் பிரஷர் ஏறும். பிள்ளையோ வழக்கம்போல ஓடுவான், சிரிப்பான். அளந்தால்தான் தெரியும்.

ஆனால் ஒரு தடவை அளந்து முடிவு கட்டவும் கூடாது. காய்ச்சலே பிரஷரைக் கூட்டும். கையில் சுற்றும் பட்டி சின்னதாக இருந்தால் இல்லாத பிரஷரையும் காட்டும், பருத்த கைக்குப் பெரிய பட்டி வேண்டும். காய்ச்சல் விட்டதும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, வேறு வேறு நாட்களில் மூன்று தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் 120/80 என்ற பெரியவர்கள் கணக்கு பொருந்தாது. வயதையும் உயரத்தையும் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

அவனுடைய வளர்ச்சிப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். எடை குறைந்து பிறந்து, பிறகு வேகமாக எடை போட்ட பிள்ளைக்குப் பிரஷர் வரும் வாய்ப்பு கூடுதல். நம் தேயிலைத் தோட்டங்களில் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர்! லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் மெலிந்து கிடந்த காலத்தைப் பார்த்தவருக்குக் கொழுகொழுப்பு சந்தோஷம்தான். மாமியோடு வாதாடாமல் அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், டொக்டர் வாயாலேயே கேட்கட்டும்.

பட்டினி மட்டும் போடாதீர்கள். உயரம் ஏறும்போது எடை ஏறாமல் நின்றாலே நல்ல பலன். அவனுக்கென்று தனிச் சாப்பாடு வேண்டாம், வீட்டுச் சமையலே மாறட்டும். ரொட்டிக்குக் கட்டசம்பல், சோற்றுக்குக் கருவாடு, மாலையில் மிக்சர் என்று உப்பு ஏறிக்கொண்டே போகிறது. பெரியவருக்கே நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை எப்போதாவது, நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். ரொட்டியைக் குறைத்துப் பருப்பும் போஞ்சியும் கூட்டுங்கள். தேநீரில் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சோடா போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால் சீனி அதிகம், வாங்காதீர்கள். அப்புறம், டியூஷன் விட்டு த்ரீவீலில் வருபவன் மழையில்லாத நாளில் நடந்து வரட்டும்.

எடை இறங்கினால் பிரஷரும் பெரும்பாலும் இறங்கும். இறங்காவிட்டால் சிறுநீரகத்தையும் சோதிப்பார்கள். கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, முகவீக்கம் என்று எது வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.