எஸ் இல்லாத கேமன்

அண்ணே, வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரித் தொழில், ஆறு லோரி ஓடுகிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு போர்ஷே 911 கரேரா எஸ் எடுத்தேன். 2013 மாடல், 3.8 லிட்டர். மூத்த மகள் இந்த வருடம் மருத்துவம் படிக்கப் போகிறாள். 911-ஐக் கொடுத்துவிட்டு அதே போர்ஷேயின் 718 கேமன் எடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். ஈப்போவில் இரண்டு பார்த்திருக்கிறேன், இரண்டும் 2019 மாடல், ரீகோனாக, அதாவது வெளிநாட்டில் ஓடிய பிறகு இறக்குமதியாக வந்து, இங்கே ஒரு கை மாறியவை. ஒன்று சாதா, 2.0 லிட்டர். இன்னொன்று அதைவிடச் சக்தி கூடிய எஸ், 2.5 லிட்டர். விலை வித்தியாசம் 40,000 வெள்ளி (ரிங்கிட்). "எஸ் ஓட்டினவன் சாதாவுக்குப் போனால் ஒரே மாதத்தில் சலித்துவிடும், பேசாமல் எஸ் எடு" என்கிறார்கள் நண்பர்கள். கணக்கு ஒரு பக்கம் இழுக்கிறது, மனசு ஒரு பக்கம் இழுக்கிறது.

911 வந்த அன்று அப்பாவை ஏற்றிக்கொண்டு லிந்தாங் வரை போய் வந்தேன். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். அதை நினைத்தால் காடியை விற்கவே கை வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச.,
சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

சாதாவை எடுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பிட்ட சாதா காடியையே எடுங்கள் என்று இப்போதே சொல்ல மாட்டேன். அதற்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், 911 போன பிறகு உங்களுக்கு எது இல்லாமல் போகும் என்று பாருங்கள். உங்கள் காடியில் இருப்பது டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் எஞ்சின். 400 குதிரைத்திறன், அதுவும் 7,400 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்றில். முள் ஐயாயிரத்தைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் எழும் அந்தக் குரலுக்காகத்தான் பலர் இந்தக் காடியை வாங்குகிறார்கள். 718 கேமனில் சாதா, எஸ் இரண்டிலுமே நான்கு சிலிண்டர், டர்போ. 2016-இல் இந்த மாடல் வந்தபோது உலகம் முழுக்க எழுந்த பெரிய குறையே அந்தச் சத்தம்தான். நீங்கள் 40,000 வெள்ளி கூடக் கொடுத்து எஸ் எடுத்தாலும் அந்த ஆறு சிலிண்டர் திரும்பி வராது. உங்கள் நண்பர்கள் யாரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

சரி, வேகத்துக்கு வருவோம். சாதா 300 குதிரைத்திறன், எஸ் 350. பேப்பரில் எஸ் உங்கள் 911-க்குப் பக்கத்தில் நிற்கிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. பக்கத்தில் நிற்பதை மனசு தினமும் அளந்து பார்க்கும். இன்று கொஞ்சம் இழுவை குறைகிறதே, அங்கே இது இருந்ததே என்று ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு கணக்கு ஓடும். சாதா அப்படி இல்லை. அது வேறு காடி. உங்கள் 911-ஐவிட ஏறக்குறைய 50 கிலோ எடை குறைவு, எஞ்சினும் பின் சக்கரத்துக்கு முன்னால், இருக்கைக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. 911-இல் முன்பக்கம் லேசாக மிதப்பது மாதிரி ஒரு உணர்வு வரும் இல்லையா, வளைவுக்குள் நுழையும்போது ஒரு நொடி காத்திருப்போமே, அது இதில் கிடையாது. திருப்பினால் உடனே திரும்பும். ஒன்றை விட்டு இறங்குகிறோம் என்றால் இன்னொன்றில் ஏறிய மாதிரி இருக்க வேண்டும். சாதா கேமனில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

போன வருடம் ஈப்போ நண்பர் ஒருவரின் 2.0 கேமனை சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பாதி தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே காய்கறி லோரிகள் வரிசையாக இறங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போகிறது. மூன்றாவது கியரில் வைத்து, இரண்டாயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே, வளைவு வளைவாக ஏறினேன். 380 நியூட்டன் மீட்டர் இழுவை 1,950 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது, கியரைக் குறைக்க வேண்டிய தேவையே அதிகம் வரவில்லை. ஒரு வளைவில் மலையிலிருந்து செம்மண் வழிந்து தாரில் பரவியிருந்தது. பின் சக்கரம் ஒரு கணம் வழுக்கி, தானே பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் இன்னும் 50 குதிரைத்திறன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். மிதிக்காமல் வைத்திருந்திருப்பேன், அவ்வளவுதான்.

உங்கள் ஊர்ச் சாலையை நீங்களே என்னைவிட நன்றாக அறிவீர்கள். குலை ஏற்றிய லோரி திரும்பும் இடத்தில் உதிரிப் பழம் சிதறி, டயர் ஏறி நசுங்கி, ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டிக் கிடக்கும். அதே லோரிகள் தோண்டிய குழிகள் வேறு. சாதா கேமனுக்குத் தொழிற்சாலை கொடுப்பது 18 அங்குலச் சக்கரம், எஸ்ஸுக்கு 19. டயரின் அகலம் இரண்டிலும் ஒன்றுதான், முன்னால் 235, பின்னால் 265. ஆனால் 18 அங்குலத்தில் டயரின் பக்கச்சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே உயரம் அதிகம். நகரத்தில் இது ஒன்றுமில்லை. தோட்டத்துச் சாலைக் குழியில் ரிம் வளைவதற்கும் வளையாமல் தப்புவதற்கும் அந்த ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதனால் நீங்கள் பார்த்த சாதா காடியில் என்ன ரிம் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அழகுக்காக 20 அங்குலம் போட்டு விற்பார்கள், எனக்கே ஒன்றைக் காட்டினார்கள். அப்படி இருந்தால் 18-க்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எஸ்ஸுக்கு நியாயம் செய்யாமல் விடக்கூடாது. அதில் வெறும் அரை லிட்டர் மட்டும் கூடவில்லை. அதன் டர்போவில் தகடுகள் சுற்றுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், சாதாவின் டர்போவில் அது கிடையாது. அதனால் கீழ்ச் சுற்றிலேயே எஸ் இன்னும் தயாராக இருக்கும், இழுவையும் 420. முன் பிரேக் 911 கரேராவிலிருந்து வந்தது. வருடத்துக்கு நாலைந்து முறை செப்பாங் பந்தயத் தளத்துக்குப் போய் 5.543 கிலோமீட்டர் சுற்றைச் சுற்றி வருகிறவர் என்றால், அந்த இரண்டு நீண்ட நேர்பாதைக்காகவே எஸ் எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலகங்சார் போய்த் திரும்புகிறவர். பிளஸ் நெடுஞ்சாலையில் ஏறினாலும் 110-தான். சாதாவின் பிரேக்கும் மட்டமில்லை, முந்தைய கேமன் எஸ்ஸில் இருந்த பிரேக்கைத்தான் 718 சாதாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சாலை வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் 3,800 சிசிக்கு இப்போது வருடம் 5,730 வெள்ளி கட்டுகிறீர்கள். சாதா கேமன் 1,988 சிசி, 374 வெள்ளி. எஸ் 2,497 சிசி, 877 வெள்ளி. இரண்டில் எதை எடுத்தாலும் பெரிய மிச்சம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் வருடத்துக்கு ஐந்நூறு சொச்சம். பேச வேண்டியது அந்த 40,000-ஐப் பற்றித்தான். மகள் முதல் வருடம் போகும்போது அது கையில் இருக்க வேண்டும். அதில் ஒரு பங்கை டயர், பிரேக், கியர் எண்ணெய் என்று இந்தக் காடிக்கே ஒதுக்கி வைத்தாலும், மூன்று வருடத்துக்கு நிம்மதியாக ஓட்டலாம். கையில் காசில்லாமல் எஸ் வைத்திருப்பது பெரிய தொல்லை தம்பி. டயர் தேய்ந்தால் மாற்ற யோசிப்பீர்கள், தள்ளிப்போடுவீர்கள், அப்புறம் மழையில் ஓட்டப் பயப்படுவீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது காடியோடு வந்த சாமான்களைப் பற்றி. போர்ஷேவில் சாதா என்றாலும் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. முதலில் வாங்கியவர் என்னென்ன கேட்டு எழுதினாரோ அதுதான் காடி. நீங்கள் பார்த்த 2.0-இல் சஸ்பென்ஷனின் இறுக்கத்தை மாற்றும் பட்டன் இருக்கிறதா? ஸ்டீயரிங்கில் நான்கு நிலை காட்டும் சின்ன வட்டத் திருகு இருக்கிறதா? அது இருந்தால் ஸ்போர்ட் குரோனோ, அதாவது ஓட்டும் முறையை மாற்றும் வசதி, போட்ட காடி. ஒரு பின் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும், லாக் வைத்த டிஃபரன்ஷியல் கேட்டு வாங்கியிருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். இதெல்லாம் உள்ள சாதா, இதெல்லாம் இல்லாத எஸ்ஸைவிட நல்ல காடி. பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள், சஸ்பென்ஷன் விஷயத்தில் அது நடக்கிற காரியமில்லை. எந்தெந்தச் சாமானோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்பதற்கு ஒரு ஸ்டிக்கர் உண்டு, முன் மூடிக்கு அடியிலோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என்னென்ன என்று பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. 911-இல் பின்னால் சின்னதாக இரண்டு இருக்கை இருந்தது. சின்னப் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட அது போதும். கேமனில் இரண்டே பேர். வீட்டில் இதையும் பேசிவிட்டீர்களா?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. உங்களுக்கு உண்மையில் பிடித்தது அந்தச் சத்தம்தான் என்றால்? என் அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். இறக்கத்தில் சுமையோடு இறங்கும்போது மீட்டரைப் பார்க்க மாட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்து எஞ்சினைக் கேட்பார், கேட்டுவிட்டுக் கியரை மாற்றுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கும் காது வழியாகத்தான் காடி பிடிக்கும். உங்களுக்கும் அப்படியென்றால் 718-ஐ விட்டுவிட்டு அதற்கு முந்தைய கேமனைத் தேடுங்கள், 2013 முதல் 2016 வரை வந்தது. அதன் சாதா மாடலில் 2.7 லிட்டர், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், 275 குதிரைத்திறன். 718-ஐவிட மெதுவானதுதான். ஆனால் 7,400 வரை பாடிக்கொண்டே போகும், உங்கள் 911-இன் தம்பி மாதிரி. 2,706 சிசிக்குச் சாலை வரி 1,395 வெள்ளி. அதிலும் எஸ் வேண்டாம். 3.4 லிட்டர் என்பதால் வரி நான்காயிரத்தைத் தாண்டிவிடும். 718-இலேயே ஆறு சிலிண்டர் வேண்டும் என்று ஜிடிஎஸ் 4.0 பக்கம் போனால், வரியே உங்கள் இப்போதைய காடியைவிட அதிகம், 6,600 வெள்ளிக்கு மேல். அது இறங்குவதே இல்லை.

ஆகவே ஈப்போவில் அந்த இரண்டையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு 2.7-ஐயும் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. உங்கள் 911-ஐ அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு லோரியிலோ மனைவியின் காடியிலோ போங்கள். 911-இல் போய் இறங்கி எதை ஓட்டினாலும் குறைவாகத்தான் தெரியும்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் செருப்பைக் கழற்றியது பின்பக்கம் ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்து அல்ல. அது உங்கள் காடி என்பதால் கழற்றினார். கேமன் வந்ததும் அவரை ஏற்றிக்கொண்டு மறுபடியும் லிந்தாங் வரை போய் வாருங்கள். இருக்கை கொஞ்சம் தாழ்வு, முழங்கால் வலி இருந்தால் இறங்கும்போது கை கொடுங்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த காடி என்றால் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அங்கே குளிர்காலத்தில் பனிக்காகச் சாலையில் உப்புத் தூவுவார்கள், அது சஸ்பென்ஷன் போல்ட்டையும் பிரேக் குழாயையும் அரித்திருக்கும். மேலே பளபளவென்று மெருகேற்றி வைத்திருப்பார்கள், அடியில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். விற்பவர் மறுத்தால் அந்தக் காடியை விட்டுவிடுங்கள். எந்தச் சனிக்கிழமை போகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் ஈப்போவுக்கு வந்துவிடுகிறேன். டார்ச் லைட் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்